கிளினிக்குக்கு முந்திய மூன்று நாட்கள்

அப்பாவை நாங்கள் ஐயா என்றுதான் கூப்பிடுவோம். அவருக்குச் சீனி வருத்தம், அதுதான் நீரிழிவு, என்று தெரிந்த ஆண்டில்தான் எனக்குக் கம்பஸில் படிக்க இடம் கிடைத்தது. எங்கள் வீட்டில் உயர்தரம் தாண்டிய முதல் ஆள் நான். அதனால் கிளினிக் கொப்பி என் பொறுப்பில் வந்தது. அதில் ஆங்கிலத்தில் கிறுக்கியிருப்பதை வாசித்துச் சொல்ல வேறு ஆள் இல்லை.

மாதத்தில் ஒரு நாள் கிளினிக். அதற்கு மூன்று நாட்களுக்கு முன்னால் வீட்டின் சட்டம் மாறிவிடும். அம்மா சீனிப் போத்தலை மேல்தட்டில் ஏற்றிவிடுவார். ஐயா இரவுச் சாப்பாட்டில் ஒரு பிடி புட்டோடு எழும்பிவிடுவார். பிஸ்கற் தகரப் பேணிக்குள் மாதம் முழுக்க விழுங்காமல் கிடந்த குளிசைகள் வெளியே வரும். நாலாம் நாள் வெறும் வயிற்றோடு போய் இரத்தம் கொடுப்பார். “நல்ல கட்டுப்பாட்டிலை இருக்கு ஐயா” என்பார் தாதி மிஸ்ஸி. ஐயா என்னைப் பார்த்து மீசைக்குள் சிரிப்பார். திரும்பும் வழியில் மானிப்பாய்ச் சந்தித் தேத்தண்ணிக் கடையில் மூன்று கரண்டி சீனியோடு பால் தேத்தண்ணி, இரண்டு வாய்ப்பன்.

“ஐயா, நாங்கள் ஆரை ஏமாத்திறம்?”

“நீ சோதினைக்கு முதல் நாள் விடிய விடியப் படிச்சுத்தானே பாஸ் பண்ணினனீ? அதென்ன, ஏமாத்தோ?”

சிரித்துவிட்டேன். அந்தச் சிரிப்பை இன்று நினைத்தாலும் வாய் கசக்கிறது.

“குளிசையை ஒவ்வொரு நாளும் போட்டால் என்ன?” என்று கேட்டும் பார்த்தேன்.

“எனக்கு ஒண்டும் செய்யேல்லை. நல்லாத் தண்ணி இறைக்கிற மெசினை ஆரும் கழட்டிப் பாப்பினமோ? சும்மா கிடக்கட்டும், விடு.”

சீனி இல்லாத தேத்தண்ணியை ஒருநாள் நானே போட்டுக் கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு, “உது வருத்தக்காரர் குடிக்கிறது” என்று வாழையடியில் ஊற்றினார்.

போன வெங்காயப் பயிருக்குத் தோட்டம் கொத்தும்போது மண்வெட்டி பட்டு அவருடைய கால் பெருவிரலில் காயம். சின்னக் காயம்தான், ஆறவில்லை. கிளினிக்கில் இளம் டொக்டர் ஒருவர் கொப்பியைப் பின்னுக்கும் முன்னுக்கும் புரட்டினார்.

“எல்லா மாதமும் நல்லாத்தானே இருக்கு. பிறகேன் ஆறேல்லை?” என்று என்னிடம் திரும்பினார். “குளிசை ஒழுங்காப் போடுறவரோ?”

வாங்கில் முறைக்குக் காத்துக் குந்தியபடி ஊர்ச்சனம் நிறைய இருந்தது. ஐயா என்னைப் பார்த்தார். கெஞ்சுவது போன்ற அந்தப் பார்வையை அதற்கு முன் அவரிடம் நான் கண்டதில்லை.

“ஓம் டொக்டர்” என்றேன்.

பழைய குளிசை, பழைய அளவு. காயத்துக்கு மருந்து கட்டச் சொல்லி அனுப்பினார்கள். அடுத்த கிளினிக் வருவதற்குள் விரல் கறுத்துவிட்டது. யாழ்ப்பாணத்தில் பெரியாஸ்பத்திரியில் முதலில் விரலை எடுத்தார்கள். பிறகு பாதி பாதத்தை.

ஐயாவின் மானத்தைக் காப்பாற்றத்தான் ஓம் என்றேன் என்று பல நாள் எனக்கே சொல்லிக்கொண்டேன். முழுப் பொய். உண்மையைச் சொன்னால் அன்றிலிருந்து நாள்தோறும் வீட்டில் சண்டை. அம்மாவின் சமையல் மாற வேண்டும், நான் காவல் நிற்க வேண்டும். வீடு இருந்தபடி இருப்பது எனக்கும் வசதியாக இருந்தது. கொப்பியை வாசிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். அதில் இருந்த பொய்யைத் தெரிந்தே காவித் திரிந்தவனும் நான்தான்.

போன மாதம் ஊன்றுகோலோடு அவரைக் கூட்டிக்கொண்டு போனேன். அதற்கு மூன்று நாட்களுக்கு முன்னரே சீனிப் போத்தல் வழக்கம்போல் மேல்தட்டுக்கு ஏறியிருந்தது. இந்த முறை அதே டொக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஏசவில்லை. ஒவ்வொரு நாளும் போட்டால்தான் மற்றக் காலாவது தப்பும் என்று ஐயாவுக்கு விளங்கப்படுத்தி, குளிசையைக் கூட்டி எழுதினார்.

பஸ்ஸில் ஐயா முன் சீற்றில் தனியாகப் போய் இருந்தார். சந்தி வந்ததும் ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு எழும்பினார்.

“படிப்பிச்சு விட்டதுக்கு நல்ல மரியாதை செய்துபோட்டாய், தம்பி” என்றார். “சனத்துக்கு முன்னாலை.”

கடையில் தேத்தண்ணிக்குச் சொன்னார். மூன்று கரண்டி. நான் எதிரே இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா குளிசைப் பையை வாங்கிக் கையில் வைத்துப் பார்த்தார்.

“என்ன தம்பி, இந்த முறை கனக்கத் தந்திருக்கினம்?” என்று கேட்டுக்கொண்டே குசினிக்குள் போய், இருந்த பிஸ்கற் பேணியைவிடப் பெரிய பேணி ஒன்றைத் தேடி எடுத்தார்.