ஊர்காம்ல இருந்து மல்லேஸ்வரம்: ஆடிட்டர் ஆபீஸ்ல பொண்ணுக்கு இடம் கேட்டுப் போனது

சி.ஏ. இன்டர் ரெண்டு குரூப்பும் பாஸ் பண்ணா, ஒரு ஆடிட்டர் கிட்ட ரெண்டு வருஷம் வேலை கத்துக்கணும். ஆர்டிகிள்ஷிப்னு பேரு. அதை முடிச்சாதான் கடைசிப் பரீட்சை. எம்பொண்ணு திவ்யாவுக்கு மூணு ஆபீஸ்ல இடம் கிடைக்கல. தை மாசம் மல்லேஸ்வரத்துல ஒரு ஆபீஸ்ல கூப்பிட்டாங்க. நானும் கூடப் போனேன்.

எங்க ஊரு ஊர்காம்ல காலைல ஆறரை மணிக்கு ட்ரெயின், ஆளுக்கு இருபத்தஞ்சு ரூபா. ரெண்டரை மணி நேரத்துல பெங்களூர். ரயில்வே ஸ்டேஷனை ஒட்டியே இருக்கிற மெஜஸ்டிக்ல மெட்ரோ ஏறினா அடுத்த ஸ்டேஷன்லயே எறங்கிடலாம், பத்து ரூபா. நந்தி கோயில்ல கும்பிட்டுட்டு ஆட்டோ புடிச்சோம். "ஆடிட்டர் ஆபீஸாம்மா? செப்டம்பர் வந்தா கணக்கு முடிக்கிற அவசரத்துல ராத்திரியெல்லாம் அங்க லைட்டே அணையாது, பொண்ண நல்லா சாப்பிட வெச்சு அனுப்பு"ன்னாரு டிரைவர்.

ஆடிட்டரும் ஒரு அம்மாதான். வாசல்ல ஒக்காருன்னு திவ்யா சொல்லியும் நான் கேக்கல, கூடவே உள்ள போயிட்டேன். "மேடம், பொம்மசந்திரால பேக்கிங் பெட்டி கம்பெனி வெச்சிருக்கிறது எங்கண்ணன்தான். அவருக்கு நீங்கதானே ஆடிட்டரு"ன்னேன். இதைச் சொன்னா ஒடனே இடம் குடுத்துடுவாங்கன்னு நெனப்பு.

அவங்க முகமே மாறிடுச்சு. "மாமா கணக்கை மருமகளே பாத்து சரின்னு சொன்னா, அதை வெச்சு பேங்குல யாரும்மா கடன் குடுப்பாங்க?"

போச்சு, நானே கெடுத்துட்டேன்னு நெனச்சேன்.

"நானே சொல்லணும்னு இருந்தேன் மேடம். அந்தக் கம்பெனி வேலைக்கு மட்டும் என்னை அனுப்பாதீங்க"ன்னா திவ்யா.

"வீட்ல மாமா ஏதாவது கேட்டா?"

"சோறு போட்டா சாப்பிடுவேன். ஆபீஸ் விஷயம் பேச மாட்டேன்."

"அம்மா கேட்டா?"

திவ்யா என்னைப் பாத்தா. "நான் கேக்க மாட்டேன் மேடம்"னேன்.

"நீங்களா?"ன்னு சிரிச்சுட்டாங்க. திங்கக்கிழமை வந்து சேரச் சொன்னாங்க.

திரும்பி வர்றப்ப ட்ரெயின்ல அண்ணன் போன் பண்ணாரு, இடம் கிடைச்சதைச் சொன்னேன். "பரவால்ல, நம்மாளு ஒண்ணு உள்ள இருக்கு"ன்னாரு. "அப்படி நெனச்சுக்காதண்ணே, அவகிட்ட எதுவும் கேக்காதே"ன்னேன். கோவிச்சுக்கிட்டு வெச்சுட்டாரு. சாமி பாத்துப்பாருன்னு விட்டுட்டேன்.

பிள்ளைங்கள கூட்டிட்டுப் போறவங்க வெளியவே ஒக்காருங்க. சொந்தக்காரங்க கணக்கை அந்த ஆபீஸ்ல பாக்கறாங்கன்னா பிள்ளையே மொதல்ல சொல்லிடட்டும். சேந்தப்புறம் சாயந்திரம் வந்தா சாப்ட்டியான்னு கேளுங்க, எந்தக் கம்பெனிக்குப் போனேன்னு கேக்காதீங்க. நான் தெனமும் வாயைக் கட்டிக்கிட்டுதான் சோறு போடறேன்.