ஊர் ஊராக மாமா

2002 வாக்கில் திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், ஒரு மாடியில் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தேன். ஐந்து கம்ப்யூட்டர், நடுநடுவே பிளைவுட் தடுப்பு. ஒரு ஞாயிற்றுக்கிழமை, முதல் தடுப்பில் இருந்த பெண் துபாயில் இருக்கும் தன் புருஷனிடம், "மாமா, நான் பேசுறது கேக்குதா மாமா?" என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார். அடுத்த தடுப்பில் ஒரு கல்லூரிப் பையன் சிங்கப்பூரில் இருக்கும் தாய்மாமனிடம், "மாமா, செல்போன் வாங்கிட்டியா மாமா?" என்று கெஞ்சிக்கொண்டிருந்தான். ஹெட்போனை மாட்டிக்கொண்டால் ஊரில் வேறு யாருக்கும் காது கிடையாது என்று நம்ம ஆட்களுக்கு ஒரு நினைப்பு. இரண்டு மாமாக்களுக்கு நடுவில் எனக்குத் தலையை வலித்தது.

மத்தியானம் கூட்டம் கலைந்ததும், சும்மா இருக்க மாட்டாமல் அந்தச் சொல்லை இணையத்தில் தேடினேன். தேடினால் அது பாட்டுக்கு ஊர் ஊராகப் போகிறது. இந்திக்காரருக்கும் மாமா என்றால் அம்மாவின் அண்ணன் தம்பிதான். யாரிடமிருந்து யார் வாங்கியது என்று படித்தவர்கள் கட்சி கட்டிக்கொண்டிருக்கிறார்கள். சீனாவில் மாமா என்றால் அம்மா. ஆப்பிரிக்காவில் சுவாஹிலி பேசுகிறவர்களுக்கும் அம்மாதான். ஜார்ஜியா என்று ஒரு நாடு, அங்கே மாமா என்றால் அப்பா. ஆஸ்திரேலியப் பாலைவனத்தில் ஒரு பழங்குடி மொழியிலும் அப்பாதானாம். ஜப்பான் குழந்தை 'மம்மா' என்று கேட்டால் சோறு வேண்டும் என்று அர்த்தம். நம் வீட்டுக் குழந்தை 'மம்மு' கேட்பதில்லையா, அது மாதிரி.

இத்தனைக்கும் இந்த மொழிகளில் பலவற்றுக்கு ஒன்றோடொன்று ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. பல் முளைக்காத வாய்க்கு உதட்டைச் சேர்த்துப் பிரிப்பதுதான் சுலபம், அதனால் எல்லா ஊர்க் குழந்தையும் 'மா' என்கிறது. பக்கத்தில் நிற்கிற பெரியவர்கள் ஆளாளுக்கு, "என்னையத்தான் கூப்பிடுது" என்று எடுத்துக்கொள்கிறார்கள். எனக்குப் புரிந்தது இவ்வளவுதான். வருகிறவர் போகிறவரை எல்லாம் நிறுத்தி இதைச் சொல்லி அறுத்தேன்.

இதில் சொல்லாமல் விட்ட ஒரு விஷயம், நானே ஒரு மாமா என்பது. ஆகி மூன்று வருஷம். பிள்ளையின் முகத்தைப் பார்த்ததில்லை.

என் ஒரே தங்கை, தன்னோடு வேலை பார்த்த கன்னிவாடிப் பையனை ரிஜிஸ்டர் ஆபீஸில் கல்யாணம் செய்துகொண்டாள். அவர்கள் சர்ச்சுக்குப் போகிறவர்கள், நாங்கள் கோயிலுக்கு. அதுகூட எனக்குப் பெரிதாகப் படவில்லை. ஊரெல்லாம் தெரிந்த பிறகு, காய்கறி மார்க்கெட்டில் ஒரு வியாபாரி சொல்லி நான் தெரிந்துகொண்டேன் பாருங்கள், அதுதான் பொறுக்கவில்லை. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். வந்தால் போகிற வழி அதற்குத் தெரியாது. "இனிமே எனக்குத் தங்கச்சியே இல்ல" என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மா மட்டும் எனக்குத் தெரியாமல் போய் வந்துகொண்டிருந்தாள். எனக்குத் தெரியும் என்பது அவளுக்கும் தெரியும்.

அடுத்த வருஷம் தை மாதம், கடையைப் பூட்டிவிட்டுச் சாப்பாட்டுக்கு இறங்கியபோது, கன்னிவாடி பஸ் நிற்கிற இடத்தில் தங்கையைப் பார்த்தேன். கொய்யாப்பழம் வாங்கிக்கொண்டிருந்தாள். இடுப்பில் அந்தப் பிள்ளை. தலை நிறைய சுருட்டை முடி, கையில் கண்ணாடி வளையல், காலில் கொலுசு. வழக்கம்போல் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகத்தான் இருந்தேன். அப்போது பிள்ளை தலையைச் சாய்த்தது. காது மூளியாக இருந்தது.

எங்கள் பக்கத்தில் பெண் பிள்ளைக்கு ஒரு வயதிலேயே காது குத்திவிடுவார்கள். கோயிலுக்குப் போகிற வீடானாலும் சர்ச்சுக்குப் போகிற வீடானாலும் தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்துவார்கள். தோடும் புதுத்துணியும் மாமன்தான் கொண்டு போக வேண்டும். இந்தப் பிள்ளைக்கு மூன்று வயது முடிந்துவிட்டது.

நேரே போய் நின்றேன். நாலு வருஷம் கழித்துப் பேசுகிறவன் ஆளை நலம் விசாரிக்க வேண்டாமா. அதட்டத்தான் வந்தது.

"ஏன் பிள்ளைக்கு இன்னும் காது குத்தல?"

தங்கை கொய்யாப்பழத்தைப் பைக்குள் போட்டாள். "நீ வரலையேண்ணே."

அவ்வளவுதான் சொன்னாள். பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டாள். நான் சாப்பிடப் போகாமல் மறுபடி மாடியேறிவிட்டேன்.

மறுநாள் நானே நகைக்கடைக்குப் போனேன். தோடு சரியாக வாங்கிவிட்டேன். பாவாடை சட்டையில்தான் கோட்டை விட்டேன். அளவு தெரியாமல் ஆறு வயதுப் பிள்ளைக்கு ஆகிற மாதிரி எடுத்துவிட்டேன். காதுகுத்து அன்றைக்குக் கன்னிவாடியில் அதைப் போட்டுவிட்டபோது பிள்ளை துணிக்குள் காணாமல் போய்விட்டது. என் மாப்பிள்ளை, அதாவது தங்கையின் புருஷன், சிரிப்பை அடக்க முடியாமல் வாசலுக்குப் போய்விட்டார். நல்ல மனுஷர். என்னைப் போல் இல்லை.

மடியில் உட்கார வைத்ததும் பிள்ளை என்னை ஏற இறங்கப் பார்த்தது. யாரென்று தெரியாத ஆளின் மடியில் எந்தப் பிள்ளைதான் இருக்கும்? நெளிந்தது. ஆசாரி ஒரு காதைக் குத்தினார். வீடு அதிர அலறல். தன் அம்மாவிடம் தாவும் என்று நினைத்தேன். கண்ணை மூடிக்கொண்டு என் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு, முகத்தை என் நெஞ்சில் புதைத்தது. குத்தின காதிலிருந்து ஒரு பொட்டு ரத்தம் என் சட்டையில் ஒட்டியது.

"இம்புட்டு நாளு எதுக்குத்தா காத்திருந்த?" என்று தங்கையைக் கேட்டேன். "மாப்ள வீட்டுல யாரையாச்சும் உக்கார வச்சிருக்கலாம்ல?"

"அவுகளும் அதத்தான் சொன்னாக." புடவைத் தலைப்பால் பிள்ளையின் மூக்கைத் துடைத்துவிட்டாள். "என் கூடப் பொறந்தவன் இருக்கான், வருவான்னு சொல்லிட்டேன். வருசாவருசம் அதையேதான் சொன்னேன்."

தங்கச்சியே இல்லை என்று நான் சொல்லித் திரிந்த காலமெல்லாம், அண்ணன் இருக்கிறான் என்று இவள் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறாள். எனக்கு வெட்கமாக இருந்தது. அடக்கிப் பார்த்தேன், முடியவில்லை. மடியில் ஒன்று அழ, அதற்கு மேலே நான் ஒருவன் அழுதேன்.

ஆசாரி ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு செத்த நேரம் பார்த்தார்.

"தம்பி, இன்னொரு காது கெடக்கு," என்றார். "பிள்ளைய நல்லாப் பிடிச்சுக்கங்க."

பிடித்துக்கொண்டேன்.