பூண்டுப் பல் அளவு

நாலு வருடங்களுக்கு முன்பு, ஒரு மாசி மாதம். மலைமேல் இருக்கும் கிளாவரையில் எங்கள் வீட்டு வாசலில் பூண்டு காய்ந்துகொண்டிருந்தது. லீவில் வந்திருந்த நான் ஒரு பூண்டுக்கட்டைக்கூடத் தூக்காமல் வாயை மட்டும் ஓட்டிக்கொண்டிருந்தேன்.

அப்போது பெங்களூரில், புற்றுக்கட்டியைப் படம் பிடிக்கும் பெட் ஸ்கேனுக்கான டிடெக்டர், அதாவது கதிரை உணரும் கருவி, செய்யும் குழுவில் இருந்தேன். உடம்பு முழுவதையும் படம் பிடிக்கும் பெரிய மெஷினில் ரொம்பச் சின்னக் கட்டிகள் மங்கிப்போகும். நாங்கள் செய்தது மார்புக்கென்றே ஒரு சின்ன மெஷின். மெல்லிய படிகங்களை வரிசையாக ஒட்டி, மார்பைச் சுற்றி நெருக்கமாக வைத்தால் கடுகளவு கட்டியும் தெரியும் என்பது எங்கள் கணக்கு. கணக்கு மட்டும்தான். மெஷின் மேசைமேல் அரைகுறையாகக் கிடந்தது. ஊரில் பெருமை பேச வந்தவன் அதையா சொல்வான்? "பொம்பளைங்களுக்கு வர்ற கட்டியைக் கண்டுபிடிக்கிற மெஷின்" என்று அளந்துகொண்டிருந்தேன்.

பூண்டுத் தாளை அறுத்துக்கொண்டிருந்த மதினி, அண்ணன் மனைவி, தலையை நிமிர்த்தவில்லை. என்னிடம் அதிகம் பேசாதவர். அன்றைக்குக் கேட்டார்.

"தம்பி, ஒரு பூண்டுப் பல்லு தண்டி இருந்தா அதுல தெரியுமா?"

நான் சிரித்தேன். "பூண்டுப் பல்லா? அதெல்லாம் எங்க மெஷினுக்கு ஆனை தண்டிங்க மதினி. கடுகே தெரியும்."

"கத்தி கித்தி வைப்பாகளா?"

"ஒரு ஊசி போட்டுப் படுக்க வைப்பாங்க, அவ்வளவுதான்."

"எப்ப வரும்?"

"வெரசா வந்துரும். ஆடிக்குள்ள பாருங்க."

ஆடி வந்தது, மெஷின் வரவில்லை. அறைச்சூடு ஒரு டிகிரி ஏறினாலே டிடெக்டரின் அளவுகள் மாறின. எல்லாவற்றையும் பிரித்து மறுபடி செய்தோம். அண்ணன் போன் பேசும்போதெல்லாம் பின்னாலிருந்து மதினி குரல் கேட்கும்: "மெசினு வந்துருச்சான்னு கேளுங்க." வீட்டில் ஒருத்தராவது என் வேலையை மதிக்கிறார்களே என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. "இன்னும் மூணு மாசம்" என்றேன். பிறகும் அதையே சொன்னேன்.

ஐப்பசியில் மதினியால் கையைத் தூக்க முடியவில்லை. அண்ணன் மதுரைக்கு அழைத்துப்போனான். நானும் ஓடினேன். கட்டி அக்குள்வரை பரவிவிட்டது, ஏன் இவ்வளவு நாள் விட்டீர்கள் என்று டாக்டர் திட்டினார். அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. மாசியிலேயே மலைக்கு வரும் நர்சம்மா கட்டியைத் தொட்டுப் பார்த்து, உடனே திண்டுக்கல் போகச் சொல்லியிருக்கிறார். மதினி சொன்ன பதில்: "எங்க கொழுந்தனாரு மெசினு செய்யிறாரு. கத்தி வைக்காம அதுலயே பாத்துக்கிறேன்."

அண்ணனிடமும் மூச்சு விடவில்லை. கொழுந்தனிடம் மார்பில் கட்டி என்று எந்த மதினி எங்கள் ஊரில் சொல்வார்? பூண்டுப் பல் என்றுதான் சொல்ல முடியும். சொன்னார். நான்தான் சிரித்தேன். ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டுங்கள் என்ற ஒரு வார்த்தை என் வாயில் வரவில்லையே! தூ, நானெல்லாம் படித்தவன்!

கட்டிலில் படுத்திருந்தபோதுகூட என்னைக் குறை சொல்லவில்லை. "உங்க சோலி அப்பிடி, நீங்க என்ன செய்வீங்க தம்பி" என்றார். கொஞ்சம் பொறுத்து, "வந்துருச்சா?" என்றார். தண்ணீர் பிடித்து வருகிறேன் என்று செம்பை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

அடுத்த மாசிக்குப் பூண்டு இருந்தது, மதினி இல்லை.

மெஷின் அதற்கும் பிறகுதான் ஓடியது. சோதனைக்காகக் கட்டிக்குப் பதில் வைத்த பொட்டு, கடுகளவுதான், திரையில் பளிச்சென்று தெரிந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். இனிப்பை என் கையிலும் வைத்தார்கள். அதைக் குப்பைக்கூடையில் போட்டேன்.

இப்போதும் ஊருக்குப் போனால் யாராவது அந்த மெஷினைப் பற்றி விசாரிக்கிறார்கள். எவ்வளவு சின்னது தெரியும் என்று நான் சொல்வதில்லை. "யாருக்குங்க?" என்றுதான் முதலில் கேட்கிறேன், அன்றைக்கு மதினியிடம் கேட்டிருக்க வேண்டிய அந்த ஒற்றைச் சொல்லை இனி எத்தனை பேரிடம் கேட்டாலும் அவருக்குப் போய்ச் சேராது.