சாப்பாட்டு நேரத்திலும் ஏறிய எண்

“உங்க பெட்டிய வந்து தூக்கிட்டுப் போங்க லா!”

போனில் கத்தியவர் சாந்தி அக்கா. புக்கிட் தெங்காவில் ஒரு தொழிற்சாலையின் மெயின்டெனன்ஸ் பொறுப்பாளர். அவர் சொன்ன பெட்டி, நாங்கள் விற்ற ஸ்டோரேஜ் சர்வர். அது மெமரி தீர்ந்து மறுபடியும் உறைந்துவிட்டது. அதன் கெர்னலுக்குள், அதாவது இயங்குதளத்தின் மையத்தில், பைல்களைக் கையாளும் மாட்யூலைக் கவனிப்பது நான். அப்போது வேலையில் இன்னும் நிரந்தரமாகவில்லை. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்தான். ஜெலுத்தோங் பசாரில் மீன் விற்கும் அம்மா, வருகிறவர்களிடமெல்லாம் “என் மக எஞ்சினியர்” என்று சொல்லிவைத்திருக்கிறார். பெட்டி திரும்பி வந்தால் அந்தப் பேச்சு என்னவாகும்?

“வாரம் ஒருக்கா ரீஸ்டார்ட் பண்ணச் சொல்லும்மா. நம்ம லேப்ல நல்லாத்தானே ஓடுது?” என்றார் டீம் லீடர் குமரன் அண்ணன்.

சாதாரண புரோகிராம் எடுத்த மெமரியைத் திருப்பித் தர மறந்தாலும், அது முடிந்ததும் கெர்னல் திரும்ப வாங்கிக்கொள்ளும். கெர்னலுக்குள்ளேயே மறந்தால் கேட்க ஆளில்லை. ரீஸ்டார்ட் அதை மறைக்கும், தீர்க்காது.

“நேர்ல போய்ப் பாக்குறேன் அண்ணே.”

தொழிற்சாலையில் சாந்தி அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். “பெரிய ஆள அனுப்புவாங்கன்னு பாத்தா, ஸ்கூல் பிள்ளைய அனுப்பிருக்காங்க!”

மாட்யூல் எடுத்துவைத்திருக்கும் மெமரித் துண்டுகளின் எண்ணிக்கையைத் திரையில் ஓடவிட்டு உட்கார்ந்தேன். எண் ஏறிக்கொண்டே இருந்தது. சாப்பாட்டு மணி அடித்தது, மெஷின்கள் நின்றன. எண் மட்டும் அதே வேகத்தில் ஏறியது.

“அக்கா, இப்ப எது ஓடுது?”

“ஒண்ணும் இல்ல. லேபல் பிரிண்டர் மட்டும். அடுத்த வேலை வந்துச்சான்னு பாத்துக்கிட்டே கிடக்கும்.”

அதாவது, இல்லாத ஒரு பைலை எங்கள் சர்வரிடம் விடாமல் கேட்டுக்கொண்டிருக்கும். மடிக்கணினியில் மாட்யூலின் கோட் வரிகளைத் திறந்தேன். தேடும்போது பைலின் பெயரை வைக்கக் கொஞ்சம் மெமரி எடுக்கிறோம். பைல் கிடைத்தால் கடைசியில் விட்டுவிடுகிறோம். கிடைக்காவிட்டால் பாதியிலேயே ‘இல்லை’ என்று சொல்லித் திரும்புகிறோம், மெமரியை விடாமல். எங்கள் லேப் டெஸ்டுகள் கேட்பதெல்லாம் நாங்களே முன்கூட்டி வைத்த பைல்களை. ‘இல்லை’ என்ற பதிலை அவை வாங்கியதே இல்லை.

அங்கே மெமரியை விடும் ஒரே ஒரு வரிதான் சேர்க்க வேண்டியிருந்தது. குமரன் அண்ணன் போனிலேயே சரிபார்த்தார். “அந்த இடம் நான் எழுதுனதும்மா,” என்றவர் புது வரியை மறுபடி வாசிக்கச் சொல்லிக் கேட்டு, “ஏத்திடு” என்றார்.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் சாந்தி அக்காவும் நானும் திரையைப் பார்த்தபடி நின்றோம். எண் ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறி இறங்கியது.

“சரி, பெட்டி இங்கயே இருக்கட்டும். எஞ்சினியரம்மா சாப்டாச்சா?”

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: வேலை முடிந்து திரும்பும் வழியை எல்லோரும் கவனமாக எழுதுவார்கள். முடியாமல் திரும்பும் வழிகளையும் ஒவ்வொன்றாக நடந்து பாருங்கள். இப்போதெல்லாம் நான் எழுதும் முதல் டெஸ்ட், இல்லாத பைலைத்தான் கேட்கும்.