பால் மறந்த குட்டிகள்

இந்த ஊரில் என் வேலை நாள் பன்றித் தீனியை ருசி பார்ப்பதில் தொடங்குகிறது. விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அமெரிக்காவில் நான் படிக்க வந்த கால்நடைக் கல்லூரியில், கலந்து வைத்த மாவில் ஒரு சிட்டிகை எடுத்து என் பேராசிரியர் முதலில் தன் நாக்கில் போட்டுக்கொள்வார். பிறகு டின்னை என் பக்கம் நீட்டி, "இனிப்புப் போதுமா?" என்பார். இனிப்பு இல்லாவிட்டால், தாயிடமிருந்து பிரித்த குட்டி மோந்து பார்த்துவிட்டுப் போய்விடுமாம். மக்காச்சோளம், சோயா, பால் பவுடர், மீன் தூள், சர்க்கரை. மீன் தூளும் சர்க்கரையும் சேர்ந்து நாக்கில் கரையும்போது, கருவாட்டைப் பாகில் தோய்த்த மாதிரி இருக்கும். நான் முகம் சுளித்தால், "காரம் போதவில்லையா?" என்று சிரிப்பார். இந்தியன் என்றால் காரம்; அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

ஜீயபுரத்தில் நெல்லும் வாழையும் போட்ட குடும்பம் எங்களுடையது. தெருவில் பன்றி தென்பட்டால் கல்லெடுத்து விரட்டியவன் நான். இங்கே பால் மறந்த குட்டிகளின் கழிச்சலை வழித்துப் போடுகிறேன். எத்தனை சோப்புப் போட்டாலும் விரலிடுக்கில் நாற்றம் போவதில்லை. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் எழுந்து வேறிடம் போகிறார்கள். இந்த அசிங்கத்துக்கு நடுவில்தான் ஒன்று கற்றேன். புரதம் ஒரே சரக்கல்ல, பல அமினோ அமிலங்களின் கூட்டு. அவற்றில் ஒன்று குறைந்தாலும் மற்றவை முழுதாக உடம்பில் ஒட்டாது. சோளத்தை மட்டும் தின்ற குட்டி, வயிறு முட்டத் தின்றும் தேறாது. அதில் லைசின் என்ற அமிலம் குறைவு. சோயா அந்தக் குறையை அடைக்கும். நம் அரிசிக்கும் அதே குறை உண்டு. அதைப் பருப்பு அடைக்கும்.

படிப்பின் நடுவே ஒரு முறை கப்பலேறி, கரி ரயில் பிடித்து, ஸ்ரீரங்கத்தில் தங்கை கமலா வீட்டுக்குப் போனேன். அவள் மறுபடி உண்டாகியிருந்ததால், ஒன்றரை வயது மகள் செல்விக்கு, தன் மார்பில் வேப்பெண்ணெய் தடவிப் பால் மறக்கடித்திருந்தாள். அன்று முதல் குழந்தைக்கு வடிகஞ்சியும் ரசஞ்சோறும்தான். கன்னம் உப்பியிருந்தது, முடி செம்பட்டையாகிவிட்டது. காலில் விரல் வைத்து அழுத்தினால் குழி விழுந்தது.

"பாருங்க மச்சான், எப்படிக் கொழுகொழுன்னு இருக்கா!" பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்க்கும் கமலாவின் கணவர் குழந்தையைத் தூக்கிக் காட்டினார். எனக்கு அருவருப்பாக இருந்தது. குழந்தையைப் பார்த்து அல்ல. வீக்கத்தைச் சதை என்று கொண்டாடும் அந்தப் பெருமையைப் பார்த்து.

"இது சதையில்ல மாப்பிள்ளை, நீரு. இப்படியே விட்டா புள்ள தங்காது. ஆஸ்பத்திரியில காட்டுங்க. பாசிப்பருப்பைக் குழைச்சு சோத்தோட ஊட்டுங்க."

"பால் மறந்த புள்ளைக்குப் பருப்பா? மாந்தம் வந்துடுங்க."

"அங்க பன்னிக்குட்டிக்கே இப்படித்தான் பாத்துப் பாத்துக் கலந்து குடுக்கறோம்!"

வாய் தவறி வந்துவிட்டது. அவர் முகம் கறுத்தது. "எம் புள்ளைக்குப் பன்னித் தீனியா?" என்று செல்வியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

மறுநாள் கமலா அரிசியையும் பாசிப்பருப்பையும் குழைய வேகவைத்து, நெய் விட்டு, மேலே ஒரு துளசி இலை வைத்தாள். "அண்ணே, நீங்க வாயே தொறக்காதீங்க" என்றாள். ஷிப்ட் முடிந்து கணவர் வந்ததும், "கோயில்ல குடுத்தாங்க" என்று தட்டை நீட்டினாள். அவர் கண்ணில் ஒற்றிக்கொண்டு, தானே பிசைந்து குழந்தைக்கு ஊட்டினார். மாந்தம் எங்கே போயிற்றோ! நாற்றத்தில் நின்று நான் படித்த படிப்பெல்லாம் ஒரு துளசி இலைக்கு ஈடாகவில்லை. குழந்தை விழுங்குவதைப் பார்க்க நிம்மதியாக இருந்தது, எரிச்சலும் அடங்கவில்லை. நான் கிளம்பும்வரை தினமும் பிரசாதம் வந்தது.

இங்கே திரும்பிச் சில மாதம் கழித்து கமலாவின் ஏர் மெயில் வந்தது. செல்விக்கு வீக்கம் வடிந்து, தெருவரைக்கும் ஓடுகிறாளாம். சந்தோஷம் தாங்காமல் பன்றிக் கொட்டகைக்கு ஓடி, பேராசிரியரிடம் மூச்சிரைக்கச் சொன்னேன்: "செல்வி தேறிவிட்டாள்! வீக்கம் வடிந்துவிட்டது, ஓடுகிறாள்!"

"அருமை! எந்தக் கொட்டில்?" என்றார் அவர்.

"ஸ்ரீரங்கம்" என்றேன்.

"எது?"

"ஸ்ரீரங்கம்."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கொட்டில்களில் தொங்கிய பெயர்ப் பலகைகளை ஒவ்வொன்றாகப் படித்தபடி நடந்தார். நான் தீனி வாளியோடு அவர் பின்னாலேயே போனேன்.