மார்க்கரில் எழுதிய பீங்கான்

பன்னீரில் ஊறிய குங்குமப்பூவின் வாசனை மற்றவர்களுக்குப் பிரியாணியை நினைவூட்டும். எனக்குக் கொதிக்கும் நெற்றியையும் கசக்கும் வாயையும்தான் நினைவூட்டும். பூந்தமல்லியில் நாங்கள் இருந்த தெருவில் பிள்ளைகளுக்குக் காய்ச்சல் கண்டால், டாக்டரிடம் மருந்து வாங்கிய கையோடு பள்ளிவாசலில் தொழவைக்கும் அஜ்ரத்திடமும் போய்ச் சொல்லிவிட்டு வருவது வழக்கம். அவர் வெள்ளைப் பீங்கான் தட்டொன்றில், குங்குமப்பூ ஊறிய பன்னீரை மெல்லிய குச்சியால் தொட்டுத் தொட்டு, வேத வசனங்களை வட்டமாக எழுதித் தருவார். அதில் தண்ணீர் ஊற்றினால் எழுத்து இளகி, கலைந்து, தட்டு முழுக்க மஞ்சளாகிவிடும்; அந்தத் தண்ணீரை ஒரு சொட்டுக்கூடச் சிந்தாமல் குடிக்கவேண்டும். "பீங்கான் எழுதிக் குடிக்கிறது" என்பார்கள். எழுத்து கரைந்தால் காய்ச்சலும் கரையும் என்பது எங்கள் வீட்டு நம்பிக்கை.

எனக்குப் பத்து வயதும் தம்பி அனிபாவுக்கு ஐந்து வயதும் நடந்தபோது, அவனுக்கு ஒரு காய்ச்சல் வந்தது. தெருமுனை டாக்டர் கொடுத்த மருந்துக்கு அது சற்று இறங்கும், மறுபடி ஏறும். அஜ்ரத்தோ மகள் கல்யாணத்துக்காக ஊருக்குப் போயிருந்தார். "அவரு வந்து ஒரு பீங்கான் எழுதிக் குடுத்தா எறங்கிடும்" என்று அம்மா இரண்டு நாளாக அதையே சொல்லிக்கொண்டு, ஈரத் துணியும் கையுமாக அவன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். மூன்றாம் நாள் அவன் எழுந்து உட்காரவும் முடியாமல் கிடந்தான். பள்ளிவாசல் மதரசாவில் என் கையெழுத்துக்கு ஏற்கெனவே நல்ல பேர் இருந்தது. அஜ்ரத் இல்லாவிட்டால் என்ன, நாமே எழுதிவிடலாமே என்று எனக்குத் தோன்றியது. அரைக்குடம் தளும்பும் என்பது பொய்யா?

வீட்டில் குங்குமப்பூ இல்லை. அத்தா, அதாவது என் அப்பா, பேருந்து நிலையத்தருகே பிளாஸ்டிக் குடம், வாளி விற்கும் கடை வைத்திருந்தார். அட்டைப் பெட்டிகளில் சரக்கின் பெயர் எழுத அவர் வைத்திருந்த கறுப்பு மார்க்கர் வீட்டிலும் ஒன்று கிடந்தது. மஞ்சள் எழுத்தே இவ்வளவு வேலை செய்யுமானால் கறுப்பு எவ்வளவு செய்யும் என்று நான் யோசித்ததை நினைத்தால் இன்றைக்கும் சிரிப்பு வருகிறது. அன்று சிரிப்பு வரவில்லை. அம்மா மறுபடி மருந்து வாங்கத் தெருமுனைக்குப் போன நேரம் பார்த்து, கை கால் முகம் கழுவி ஒளு செய்து, முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, எனக்கு மனப்பாடமாயிருந்த வசனத்தை ஒரு புள்ளி பிசகாமல் எழுதி, தண்ணீர் ஊற்றினேன்.

எழுத்து அசையவில்லை. தட்டைச் சாய்த்துப் பார்த்தேன், சுழற்றிப் பார்த்தேன், வெந்நீர் ஊற்றிப் பார்த்தேன். வேத எழுத்தைச் சோப்புப் போட்டு நாரால் தேய்க்க மனம் துணியவில்லை. கட்டிலில் கிடந்த தம்பி, "இன்னும் கரையலியாக்கா?" என்று இரண்டு முறை கேட்டுவிட்டு அப்படியே கண் செருகித் தூங்கிப்போனான். அன்று மாலை அவனுக்கு உடம்பெல்லாம் வெட்டி இழுத்தது. அத்தாவும் அம்மாவும் அவனை ஆட்டோவில் அள்ளிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். பக்கத்து வீட்டில் விடப்பட்ட நான், அந்தத் தட்டைத் துணியில் சுற்றி அலமாரிக்குப் பின்னால் வைத்துவிட்டு அழுதேன். எழுத்து கரையாததால்தான் காய்ச்சலும் போக மறுக்கிறது, தம்பி செத்தால் கொன்றது நான்தான் என்பதில் எனக்குத் துளிகூடச் சந்தேகம் இருக்கவில்லை.

மறுநாள் காலை அத்தா என்னை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். தம்பி கண் திறக்கவில்லை. நர்ஸ் அக்கா ஒருவர் குளுக்கோஸ் பாட்டிலின் மேல் மார்க்கரால் மணி எழுதினார். அது தப்பு என்று தெரிந்ததும், ஒரு பஞ்சை எடுத்து ஒரே இழுப்பில் துடைத்துவிட்டுத் திருத்தி எழுதினார். நான் அவர் அருகே ஓடினேன்.

"அக்கா, அந்தப் பஞ்சுல கொஞ்சம் குடுப்பீங்களா?"

"இன்னாத்துக்கும்மா? இது ஸ்பிரிட்டு."

"ஊட்ல ஒரு தட்டுல எழுத்து கீது. தண்ணி ஊத்துனா கரையவே மாட்டேங்குது."

அவர் என் முகத்தைப் பார்த்தார். மேற்கொண்டு கேட்காமல், பஞ்சை நன்றாக நனைத்து ஒரு சின்னக் குப்பியில் போட்டுக் கொடுத்தார். அந்த அக்கா எங்கிருந்தாலும் நன்றாக இருக்கட்டும்.

மாற்றுத் துணி எடுக்க அத்தாவோடு வீட்டுக்கு வந்ததும், அலமாரிக்குப் பின்னாலிருந்து தட்டை எடுத்துத் துடைத்தேன். எழுத்து இளகிப் பஞ்சுக்குள் போனது. ஆனால் அந்தப் பஞ்சை என்ன செய்வது? ஸ்பிரிட்டைத் தம்பிக்குக் குடிக்கக் கொடுக்க முடியாது. வேத எழுத்து ஏறிய பஞ்சைக் குப்பையில் போடவும் கூடாது. கையில் வைத்துக்கொண்டு விழித்த என்னை அத்தா பார்த்துவிட்டார். எல்லாவற்றையும் சொன்னேன். அடிப்பார் என்று நினைத்தேன். அவரோ தரையில் உட்கார்ந்து, மூன்று நாளில் முதல் முறையாகச் சிரித்து, சிரிப்பு முடியுமுன்பே அழ ஆரம்பித்துவிட்டார். பிறகு பஞ்சை வெள்ளைக் காகிதத்தில் மடித்து, போகும் வழியில் பள்ளிவாசலில் கிழிந்த வேத ஏடுகளைச் சேர்க்கும் பெட்டியில் போட்டார். "அம்மாகிட்ட சொல்லாத. அவ ஏற்கெனவே அரை உசுரா கீறா" என்றார்.

அதற்கடுத்த நாள் தம்பிக்குக் காய்ச்சல் இறங்கியது.

இப்போது நான் அம்பத்தூரில் ஒரு பெயின்ட் தொழிற்சாலையின் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறேன். எது எதில் கரையும் என்று பார்ப்பதுதான் பிழைப்பு. தண்ணீரின் ஒவ்வொரு துகளுக்கும் ஒரு முனையில் நேர்மின்சாயல், மறுமுனையில் எதிர்மின்சாயல். உப்பும் குங்குமப்பூவின் மஞ்சளும் அந்த முனைகளுக்குப் பிடிகொடுக்கும் பொருள்கள். இழுத்த இழுப்புக்குப் பிரிந்து வந்துவிடும். மார்க்கர் மையில் உள்ள பிசினுக்கும் எண்ணெய்க்கும் அந்தப் பிடி இல்லாததால், தண்ணீர் அவற்றைச் சீண்டாமல் தன் ஆட்களோடே கைகோத்து நிற்கும். "இனம் இனத்தோடே, வெள்ளாடு தன்னோடே" என்கிறார்களே, அதேதான். ஸ்பிரிட் மட்டும் இரண்டு வீட்டிலும் கை நனைக்கும் சம்பந்தி. இதையெல்லாம் படித்துத் தெரிந்துகொண்டேன், சரி. ஆனால் அனிபா பிழைக்காமல் போயிருந்தால், இந்தப் படிப்பு எதுவும் என் மனதைத் தேற்றியிருக்காது.

அந்த அஜ்ரத் இன்று இல்லை, அத்தாவும் இல்லை. கடை இருந்த இடத்தருகே மெட்ரோ தூண்கள் எழுந்துவிட்டன. எங்கள் வீட்டில் யாரும் பீங்கான் எழுதிக் குடிப்பதுமில்லை. சென்ற மாதம் காட்டுப்பாக்கத்தில் தம்பி வீட்டுக்குப் போயிருந்தபோது, பேச்சோடு பேச்சாக, அந்தத் தட்டின் கதையை அம்மாவிடம் முதல் முறையாகச் சொன்னேன். சிரிப்பார் என்றுதான் சொன்னேன்.

அம்மா சிரிக்கவில்லை.

"உம்மேல இன்னாடி தப்பு? தப்பு பண்ணவ நானு. புள்ளைய அப்பவே பெரிய ஆஸ்பத்திரிக்கு தூக்கினு ஓடாம, அஜ்ரத்து வருவாரு வருவாருன்னு ரெண்டு நாளு உக்காந்துகினு இருந்தேனே. உங்க அத்தாகிட்ட கூட சொன்னதில்ல."

இருபது வருடத்துக்கு மேலாக அவர் அதை யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்திருக்கிறார். என் தப்பு அத்தாவுக்காவது தெரியும். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். இரண்டு பேருக்கும் அழுகை பீறிட்டது. சத்தம் கேட்டு, பல் துலக்கும் பிரஷும் வாயுமாக அனிபா உள்ளே ஓடி வந்தான்.

"இன்னா, ரெண்டு பேரும் இப்டி அழுதுகினு கீறீங்க? யாரு செத்துட்டாங்க?"