நான் எண்ணாத முக்கால் நிமிடம்

அட்டையில் எழுபது என்று எழுதினேன். எழுபது இல்லை என்பது எழுதும்போதே எனக்குத் தெரியும். அந்த எண்ணை நம்பி வீட்டுக்குப் போனவர் பதினோராம் நாள் இறந்துபோனார்.

எழுபதுகளின் நடுவில் வடசென்னையில் ஒரு மருத்துவமனையில் ஈசிஜி எடுக்கும் வேலையில் இருந்தேன். இயற்பியல் படித்தவன் என்ற கர்வம் உண்டு. பேஸ்மேக்கர் பொருத்திக்கொண்ட மூன்று பேர் மாதம் ஒருமுறை என்னிடம் வருவார்கள். நெஞ்சின் தோலுக்குள் சோப்புக்கட்டி அளவில் புடைத்திருக்கும் அந்தக் கருவி, நிமிடத்துக்கு எழுபது முறை இதயத்தைத் தட்டி ஓடவைக்கும். பாட்டரி இரண்டு வருடம் தாங்கினால் அதிகம். அது தீரப்போவதை முன்கூட்டி அறிய வழி ஒன்றுதான்: எண்ணுவது. எழுபது என்பது அறுபத்தைந்தாக இறங்கினால் அன்றே ஆளைப் படுக்கவைத்துப் பாட்டரியை மாற்ற வேண்டும்.

எண்ணுவதற்கு டிரான்சிஸ்டர் போதும். எந்த நிலையமும் எடுக்காத இடத்தில் முள்ளை நிறுத்தி நெஞ்சருகே பிடித்தால், கரகரப்புக்கு நடுவே கருவி தட்டுவது டிக், டிக் என்று கேட்கும். வீட்டிலும் செய்யுங்கள் என்று மூவருக்கும் நான்தான் கற்றுக்கொடுத்தேன்.

அவர்களில் ஒருவர் ராயபுரத்துக்காரர். துறைமுகத்தில் சரக்குத் தூக்கும் வின்ச் ஓட்டியவர். அவர் மனைவி காசிமேட்டில் இறால் தரம் பிரிப்பவர். எண்ணிக்கை ஐம்பதைத் தாண்டினால் அந்த அம்மாவுக்குக் குழம்பிவிடும். அதனால் காலையில் கம்பெனிச் சங்கு ஊதியதும் ரேடியோவைக் கணவர் மார்பில் வைத்து, ஒரு டிக்குக்கு ஒரு மணி என்று ஜெபமாலையைத் தள்ளுவார். மாலையில் மொத்தம் ஐம்பத்தொன்பது மணிகள். கடிகாரத்தின் வினாடி முள் ஒரு சுற்று வரும்வரை தள்ளிக்கொண்டே இருப்பார்.

அன்று பிற்பகல் அவர்கள் வந்தபோது ஈசிஜி காகிதம் தீர்ந்திருந்தது. ஸ்டோருக்குப் போய்ப் புதுச் சுருள் வாங்கி வர வேண்டும். எனக்கோ வியாசர்பாடியில் கால்பந்து ஆட்டம் பார்க்கும் அவசரம்.

"ஊரே ரேடியோல பாட்டு கேக்குது சார். எம் பொண்டாட்டி இன்னாடான்னா என்னிய கேட்டுகினு கீறா" என்று சட்டையைக் கழற்றிக்கொண்டே சிரித்தார் அவர்.

அந்த அம்மா சிரிக்கவில்லை. "முன்னல்லாம் ஒரு சுத்து முடிஞ்சி மேல பதினோரு மணி தள்ளுவேன் சார். ஒரு வாரமா ஆறோட நிக்குது."

"ஜெபத்துக்கும் கணக்குக்கும் ஒரே மாலையா? நடுவுல ரெண்டு மணி வழுக்கியிருக்கும்மா."

"எறா எண்ணிப் போட்ற கை சார் இது. வழுக்காது."

ஐம்பத்தொன்பதும் ஆறும் அறுபத்தைந்து. நான் அதைக் கூட்டிக்கூடப் பார்க்கவில்லை. ரேடியோவை வைத்துக் கால் நிமிடம் மட்டும் எண்ணினேன். பதினாறா பதினேழா என்று எனக்கே சந்தேகம். பதினேழு என்று வைத்துக்கொண்டு நாலால் பெருக்கினேன், அறுபத்தெட்டு. போன மாதம் எழுபது. இந்த மாதமும் அட்டையில் எழுபது என்று எழுதினேன். கால் நிமிடத்தில் ஒரே ஒரு டிக் தவறினால் கணக்கில் நாலு தவறும் என்பதை அவர்களுக்குச் சொல்லித்தந்தவனே நான்தான்.

பதினோராம் நாள் காலை அவருடைய மைத்துனர் மூச்சிரைக்க ஓடி வந்தார். "மச்சான் நடுராத்திரில பூட்டாரு சார். டாக்டரும் பாத்துட்டாரு. ஆனா உள்ள ஓடிகினு கீது. நீ வா சார்!"

போனேன். பெட்டி கூடத்தில் இருந்தது. வழக்கம்போலச் சங்கு ஊதியதும் அந்த அம்மாவின் கை தன்னையறியாமல் ரேடியோவை எடுத்து அவர் மார்பில் வைத்திருக்கிறது. அது டிக், டிக் என்று கேட்டிருக்கிறது. உறவினர்கள் பெட்டியை மூட விடாமல் நின்றிருந்தார்கள். ஒரு கிழவர், "உசுரு இல்லன்னா இது யாருய்யா தட்றது?" என்று என்னைப் பிடித்து உலுக்கினார்.

மணிக்கட்டைத் தொட்டேன். ஐஸ் வைத்த மீன்போலச் சில்லிட்டிருந்தது. பாட்டரி தளர்ந்தால் முதலில் வேகம் குறையும், அப்புறம் பலம் குறையும். கருவி தட்டிக்கொண்டுதான் இருக்கும், இதயம்தான் எழாது என்று விளக்கினேன்.

அந்த அம்மா ஜெபமாலையை என் கையில் வைத்தார். "எண்ணு சார். முழு நிமிஷம்."

வாசலில் பேண்டுக்காரர்கள் வாத்தியத்தை நிறுத்தினார்கள். தெருவே அடங்கியது. மூடிய கண்களுக்குக் கீழே அந்த நெஞ்சு அசையாமல் கிடக்க, உள்ளிருந்து டிக், டிக் என்று வந்துகொண்டே இருந்தது. நான் மணிகளைத் தள்ளினேன். மாலை ஒரு சுற்று முடிந்து, மேலே இரண்டு மணி தள்ளியபோது வினாடி முள் நிமிடத்தை முடித்தது. அறுபத்தொன்று.

"அன்னிக்கு எவ்ளோ சார்?"

"எழுபதும்மா. செத்தப்புறம் குறையும்" என்றேன். இரண்டாவது பொய் அது.

பெட்டியை மூடினார்கள். கல்லறைத் தோட்டத்தில் மண் விழுந்த பிறகும் எனக்கு அந்தச் சத்தம் கேட்டது. கருவியில் பாட்டரி மிச்சமிருந்தது. மண்ணுக்கடியில் இன்னும் எத்தனை நாள் தட்டும் என்று என்னால் கணக்கிட முடிந்தது. கணக்கிட்டேன். வீட்டில் ரேடியோ போட்டாலே எழுந்து வெளியே போய்விடுவேன்.

முப்பதாம் நாள் பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் அந்த அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன்: கால் நிமிடம், கால்பந்து, இரண்டு பொய்கள். முந்தின நாளே பெரிய டாக்டரிடமும் எழுதிக் கொடுத்திருந்தேன். மெமோ வந்தது, வேலை போகவில்லை.

அந்த அம்மா, "இன்னும் ரெண்டு பேரு கீறாங்கல்ல?" என்று மட்டும் கேட்டார்.

அடுத்த மாதம் பரிசோதனை நாளன்று என் அறை வாசல் பெஞ்சில் வந்து உட்கார்ந்திருந்தார். யாரும் கூப்பிடவில்லை. கதவைத் திறந்தே வைக்கச் சொன்னார். நான் ரேடியோவைப் பிடித்து முழு நிமிடம் எண்ண, அவர் வெளியிலிருந்து மணிகளைத் தள்ளினார். நான்காம் மாதம் அந்த இருவரில் ஒருவரான தண்டையார்பேட்டை பாய்க்கு ஐம்பத்தொன்பதுக்கு மேல் ஐந்தோடு நின்றது. அன்றே படுக்கவைத்துப் பாட்டரியை மாற்றினார்கள். பாய் பிழைத்து, பல வருடம் கடை நடத்தினார்.

அதைச் சொன்னபோது அந்த அம்மாவின் முகம் மாறவில்லை. எனக்கு மாற்றலாகும்வரை ஒரு மாதம்கூடத் தவறாமல் வந்தார். வணக்கம் சொன்னதில்லை, கொடுத்த டீயைத் தொட்டதில்லை. எண்ணி முடித்ததும் "மேல எத்தினி?" என்று கேட்பார். நான் சொல்வேன். தன் விரல் நிற்கும் மணியைப் பார்த்துச் சரிபார்த்துக்கொண்டு, எழுந்து போய்விடுவார்.